ட்ரம்ப் ஜெயித்த தொகுதியில் ஜனநாயகக் கட்சி எம்.பி.! மெக்கானிக் ஷெட்டில் இருந்து காங்கிரஸுக்கு... யார் இந்த மேரி குளூசென்காம்ப் பெரெஸ்?

அமெரிக்காவில் ஒரு தொகுதி. 2016, 2020, 2024 என மூன்று அதிபர் தேர்தல்களிலும் அங்கே அதிக ஓட்டு வாங்கியவர் டொனால்ட் ட்ரம்ப். ஆனால் அதே தொகுதியில் 2022, 2024 என இரண்டு முறை தொடர்ந்து எம்.பி.யாக ஜெயித்தவர், ட்ரம்ப்பின் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஒரு பெண். அதுவும் அரசியல் குடும்பத்தில் இருந்து வந்தவர் இல்லை. கணவரோடு சேர்ந்து கார் ரிப்பேர் கடை நடத்தியவர்.

பெயர் மேரி குளூசென்காம்ப் பெரெஸ். பெயர் நீளமாக இருப்பதால் அமெரிக்க ஊடகங்களே 'எம்.ஜி.பி.' என்று சுருக்கிவிட்டன.

முதல் முறை இவர் ஜெயித்தபோது 'லக்' என்றார்கள். இரண்டாவது முறை, அதே எதிராளியை, முன்பைவிட அதிக வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதுவும் அவரது கட்சி அதிபர் பதவி, செனட் என எல்லாவற்றையும் இழந்த அதே நாளில். இது எப்படி நடந்தது? சொந்தக் கட்சிக்காரர்களே இவர் மீது கோபமாக இருப்பது ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த எம்.ஜி.பி.?

1988-ம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா மெக்சிகோவில் இருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். டெக்சாஸில் கிறிஸ்தவ போதகராக இருந்தவர். அம்மா வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தவர்.

மேரி படித்தது ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் உள்ள ரீட் கல்லூரியில். பாடம் பொருளாதாரம். 2012-ல் பட்டம் வாங்கினார். பொருளாதாரம் படித்தவர் வங்கி வேலைக்கோ, பெரிய கம்பெனிக்கோ போகவில்லை. கணவரோடு சேர்ந்து போர்ட்லாந்தில் கார் ரிப்பேர் ஒர்க்‌ஷாப் நடத்த ஆரம்பித்தார். இருவரும் குடியிருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்கமேனியா கவுன்ட்டியில், தாங்களே கட்டிய வீட்டில்.

2016-ல் ஸ்கமேனியா கவுன்ட்டி கமிஷனர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அதாவது, காங்கிரஸுக்கு நிற்பதற்கு முன் அவர் தேர்தலில் தொட்ட உயரம் உள்ளூர் பதவிக்கான ஒரு தோல்விதான். 2021-ல் மகன் பிறந்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் ஒர்க்‌ஷாப்புக்கே தூக்கிக்கொண்டு போன அனுபவத்தைப் பிரசாரத்தில் அவர் அடிக்கடி சொன்னார். 'கடை நடத்துகிறவர்களின் கஷ்டம் தெரிந்தவர்கள் காங்கிரஸில் எத்தனை பேர்?' என்பதுதான் அவர் வைத்த கேள்வி.

அந்தத் தொகுதி எங்கே இருக்கு?

இங்கே ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்காவின் தலைநகரம் வாஷிங்டன் டி.சி. வேறு, வாஷிங்டன் மாநிலம் வேறு. தலைநகரம் நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலமோ மேற்கு ஓரத்தில், பசிபிக் கடலை ஒட்டி, கனடா எல்லையில் இருக்கிறது. சியாட்டில் நகரம் இருக்கும் மாநிலம் என்றால் சட்டென்று பிடிபடும்.

இந்த மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் 10 இடங்கள். அதில் தென்மேற்கு மூலையில் இருப்பது 3-வது தொகுதி. மக்கள் தொகை ஏழரை லட்சத்துக்கும் மேல். தெற்கே கொலம்பியா ஆறு. ஆற்றைத் தாண்டினால் ஓரிகன் மாநிலம். மேற்கே பசிபிக் கடல். 1980-ல் வெடித்து 57 பேரைப் பலி வாங்கிய செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை இருப்பதும் இந்தத் தொகுதிக்குள்தான்.

தொகுதியின் பெரிய நகரம் வான்கூவர். இதிலும் குழப்பம் வரும். கனடாவில் இருக்கும் வான்கூவர் வேறு, இது வேறு. இந்த வான்கூவரில் இருந்து பாலம் ஏறினால் போர்ட்லாந்து. தினமும் வேலைக்காக ஆற்றைக் கடந்து போய் வருபவர்கள் ஏராளம். நகரத்தைத் தாண்டிவிட்டால் மரம் வெட்டும் தொழில், மரம் அறுக்கும் மில், மீன்பிடி, விவசாயம் என கிராமப்புற வாழ்க்கை. நகரத்து ஓட்டும் கிராமத்து ஓட்டும் இழுபறியாக மோதும் தொகுதி.

2010 தேர்தலில் இந்தத் தொகுதியைக் குடியரசுக் கட்சி பிடித்தது. அதன்பிறகு 12 வருஷம் அவர்கள் கையை விட்டுப் போகவே இல்லை.

12 வருஷ எம்.பி. வீழ்ந்தது எப்படி?

எம்.ஜி.பி. கதையைப் புரிந்துகொள்ள, அவருக்கு முன் அங்கே எம்.பி.யாக இருந்தவரின் கதை தெரிய வேண்டும். அவர் ஜேமி ஹெரேரா பியூட்லர். குடியரசுக் கட்சி. ஆறு முறை தொடர்ந்து ஜெயித்தவர்.

2021 ஜனவரி 6-ம் தேதி ட்ரம்ப் ஆதரவாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து வன்முறையில் ஈடுபட்டனர். அதற்காக ட்ரம்ப் மீது பிரதிநிதிகள் சபையில் பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. சொந்தக் கட்சித் தலைவருக்கு எதிராக அதை ஆதரித்து ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சி எம்.பி.க்கள் மொத்தம் 10 பேர். அதில் ஒருவர் ஹெரேரா பியூட்லர்.

அந்த 10 பேருக்கும் பிறகு என்ன ஆனது தெரியுமா? நான்கு பேர் 2022-ல் போட்டியிடாமல் ஒதுங்கிவிட்டனர். நான்கு பேர் முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றனர். மறுபடி எம்.பி. ஆனது இரண்டே பேர்.

ஹெரேரா பியூட்லர் தோற்ற நால்வரில் ஒருவர். அவரை வீழ்த்தியவர் ட்ரம்ப் ஆதரவு பெற்ற ஜோ கென்ட். ஓட்டு வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை.

வாஷிங்டன் மாநிலத்தின் 'டாப் 2' முறை என்ன?

பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் முதற்கட்டத் தேர்தல் கட்சிவாரியாக நடக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் அப்படி இல்லை. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே ஓட்டுச்சீட்டில் இருப்பார்கள். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள், ஒரே கட்சியாக இருந்தாலும் சரி, நவம்பர் இறுதித் தேர்தலில் மோதுவார்கள்.

2022 ஆகஸ்ட் முதற்கட்டத் தேர்தலில் எம்.ஜி.பி. சுமார் 31 சதவீத ஓட்டுடன் முதலிடம் பிடித்தார். ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், குடியரசுக் கட்சி ஓட்டு பல வேட்பாளர்களுக்குப் பிரிந்திருந்தது. கென்ட்டும் ஹெரேரா பியூட்லரும் தலா 22 சதவீதத்தை ஒட்டி வாங்கியிருந்தார்கள். நவம்பரில் அந்த ஓட்டெல்லாம் கென்ட்டுக்கு வந்துவிட்டால் எம்.ஜி.பி. காலி. கணக்கு அப்படித்தான் சொன்னது.

ஜோ கென்ட் யார்?

சாதாரண எதிராளி இல்லை. ராணுவத்தில் சிறப்புப் படை வீரராக 20 வருஷம் இருந்தவர். 11 முறை போர்க்களப் பணிக்குச் சென்றவர். பிறகு உளவு அமைப்பான சி.ஐ.ஏ.விலும் பணியாற்றினார். கடற்படையில் பணியாற்றிய அவரது மனைவி, 2019 ஜனவரியில் சிரியாவின் மன்பிஜ் நகரில் நடந்த தற்கொலைப்படைத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அந்த இழப்புக்குப் பிறகுதான் கென்ட் அரசியலுக்கு வந்தார். 'முடிவில்லாத வெளிநாட்டுப் போர்கள் போதும்' என்பது அவர் பேச்சின் மையம்.

தனிப்பட்ட வாழ்க்கையின் மீது மக்களுக்கு மரியாதை இருந்தது. ஆனால் அவரது அரசியல் நிலைப்பாடுகள் பலரை யோசிக்க வைத்தன. 2020 அதிபர் தேர்தலில் மோசடி நடந்தது என்று பேசினார். ஜனவரி 6 வன்முறையில் கைதானவர்களுக்கு ஆதரவாக 2021 செப்டம்பரில் தலைநகரில் நடந்த கூட்டத்திலும் மேடையேறினார்.

2 சதவீத வாய்ப்பு... 2,600 ஓட்டு வெற்றி!

2022 நவம்பர் தேர்தலுக்கு முன், பிரபல தேர்தல் கணிப்பு இணையதளமான ஃபைவ்தர்ட்டிஎயிட், எம்.ஜி.பி. ஜெயிக்க 100-ல் 2 வாய்ப்புதான் என்று கணித்தது. ஜனநாயகக் கட்சியின் தேசிய அமைப்புகளும் இந்தத் தொகுதியில் பெரிதாகப் பணம் இறக்கவில்லை. ஜெயிக்கிற தொகுதி லிஸ்ட்டில் அது இல்லை என்பதுதான் காரணம்.

எம்.ஜி.பி.யின் பிரசாரம் எளிமையாக இருந்தது. சிறு கடைக்காரர்களின் பிரச்னை, குழந்தை பராமரிப்புச் செலவு, கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களுக்கு நல்ல வேலை, கருக்கலைப்பு உரிமை. அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் கருக்கலைப்புக்கு இருந்த தேசிய அளவிலான பாதுகாப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அதே நேரம், துப்பாக்கி வைத்திருப்பவர்களை எதிரியாகப் பார்க்கும் பேச்சு இவரிடம் இல்லை. கட்சிச் சாயம் குறைவு, ஊர்க்காரர் என்கிற அடையாளம் அதிகம்.

வாஷிங்டன் மாநிலத்தில் தேர்தல் முழுக்கத் தபால் ஓட்டுதான். தேர்தல் நாளன்று தபால் முத்திரை விழுந்திருந்தால் போதும், ஓட்டு செல்லும். அதனால் எண்ணிக்கை பல நாள் இழுக்கும். தேர்தல் நடந்தது நவம்பர் 8. ரிசல்ட் உறுதியானது நவம்பர் 12. மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகளில் எம்.ஜி.பி. சுமார் 2,600 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரு சதவீதத்துக்கும் குறைவு!

அந்த ஆண்டின் மிகப் பெரிய தேர்தல் அதிர்ச்சிகளில் ஒன்றாக இது பேசப்பட்டது. முந்தைய எம்.பி. பக்கம் நின்ற மிதவாத குடியரசுக் கட்சிக்காரர்களில் ஒரு பகுதியினர் கென்ட்டுக்குப் போடவில்லை என்பது தெளிவானது.

ஜெயித்த மறுநாளே அடுத்த தேர்தல் டென்ஷன்... ஏன்?

நம் மக்களவை எம்.பி.க்குப் பதவிக்காலம் 5 வருஷம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை எம்.பி.க்கு வெறும் 2 வருஷம்தான். மேலவையான செனட்டில் 6 வருஷம். அதனால் பிரதிநிதிகள் சபை எம்.பி. பதவியேற்று இருக்கையில் உட்காரும்போதே அடுத்த தேர்தலுக்கான நிதி திரட்டலும் ஆரம்பித்துவிடும்.

மொத்தம் 435 இடங்கள். பெரும்பான்மைக்கு 218 வேண்டும். பொதுவாகப் பதவியில் இருப்பவர்களே 90 சதவீதத்துக்கும் மேல் மறுபடி ஜெயிக்கிறார்கள். பெரும்பாலான தொகுதிகள் ஏதோ ஒரு கட்சியின் கோட்டை என்பதே காரணம். உண்மையான போட்டி நடப்பது சில டஜன் தொகுதிகளில்தான். யார் கையில் சபை என்பதை முடிவு செய்வதும் அந்தத் தொகுதிகள்தான்.

இதில் அதிக ஆபத்து முதல் முறை எம்.பி.க்கு. பெயர் இன்னும் முழுசாகப் பரவியிருக்காது. சாதனை என்று காட்ட இரண்டு வருஷ வேலைதான் இருக்கும். எதிர்க்கட்சியும் 'இப்போதே வீழ்த்தினால்தான் உண்டு' என்று குறி வைக்கும். எம்.ஜி.பி. இந்த லிஸ்ட்டின் உச்சியில் இருந்தார். போதாக்குறைக்கு, 2024-ல் மறுபடி மோதத் தயார் என்று கென்ட்டும் களத்தில் இறங்கினார். இந்த முறை ஓட்டுச்சீட்டில் ட்ரம்ப் பெயரும் இருக்கும். 2022-ஐவிட நிலைமை கடினம்.

முதல் இரண்டு வருஷத்தில் என்ன செய்தார்?

விவசாயக் குழு, சிறுதொழில் குழு ஆகியவற்றில் இடம் பிடித்தார். 'ப்ளூ டாக்' என்று அழைக்கப்படும் ஜனநாயகக் கட்சியின் மிதவாத எம்.பி.க்கள் குழுவுக்கு, மெய்ன் மாநிலத்தின் ஜேரட் கோல்டன், அலாஸ்காவின் மேரி பெல்டோலா ஆகியோருடன் சேர்ந்து தலைமை ஏற்றார். மூன்று பேருமே ட்ரம்ப் ஜெயித்த தொகுதிகளின் எம்.பி.க்கள்.

அவர் அதிகம் பேசிய விஷயம் 'ரிப்பேர் செய்யும் உரிமை'. அது என்ன?

இப்போதெல்லாம் கார், டிராக்டர், செல்போன் எதுவாக இருந்தாலும் உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது. என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கத் தேவையான டேட்டாவும் மென்பொருளும் கம்பெனியிடம் மட்டுமே இருந்தால், வண்டிக்காரர் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போக முடியாது. செலவும் கூடும், சின்ன ஒர்க்‌ஷாப்களும் மூடப்படும். வண்டியின் டேட்டாவை உரிமையாளரும் அவர் தேர்ந்தெடுக்கும் மெக்கானிக்கும் பயன்படுத்த வழி செய்யும் மசோதாவை 2023-ல் கொண்டுவந்த இரு கட்சி எம்.பி.க்களில் இவரும் ஒருவர். ஸ்பேனர் பிடித்த கைக்கு இது நேரடியாகத் தெரிந்த பிரச்னை.

கல்விக் கடன்: சொந்தக் கட்சியோடு முதல் மோதல்

2023 மே மாதம் வந்தது பெரிய சர்ச்சை. மாணவர்களின் கல்விக் கடனில் 10,000 டாலர் வரை, சிலருக்கு 20,000 டாலர் வரை தள்ளுபடி செய்யும் திட்டத்தை அதிபர் ஜோ பைடன் அறிவித்திருந்தார். அதை ரத்து செய்யக் குடியரசுக் கட்சி தீர்மானம் கொண்டு வந்தது. ஜனநாயகக் கட்சியில் இருந்து அந்தத் தீர்மானத்தை ஆதரித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோல்டன், இன்னொருவர் எம்.ஜி.பி.

அவரது வாதம் இதுதான்: தன் தொகுதியில் பெரும்பாலானவர்கள் நான்கு வருஷக் கல்லூரிப் பட்டம் வாங்காதவர்கள். பட்டம் வாங்கியவர்களின் கடனுக்கு உதவி என்றால், தொழில் கற்றுக்கொள்ளும் எலக்ட்ரீஷியனுக்கும் வெல்டருக்கும் என்ன?

கட்சி ஆதரவாளர்கள் கொதித்துப் போனார்கள். இவரது ஒர்க்‌ஷாப்புக்கு இணையத்தில் ஒற்றை ஸ்டார் ரேட்டிங் போட்டுத் தாக்கும் அளவுக்கு விவகாரம் போனது. அந்தத் தீர்மானத்தைப் பைடன் வீட்டோ செய்தார். ஆனால் ஜூன் 30-ம் தேதி உச்ச நீதிமன்றமே கடன் தள்ளுபடித் திட்டத்தை ரத்து செய்தது. எம்.ஜி.பி.யின் ஓட்டு நடைமுறையில் எதையும் மாற்றவில்லை. ஆனால் 'இவர் கட்சி சொல்வதைக் கேட்கிற ஆள் இல்லை' என்ற இமேஜ் தொகுதியில் பதிந்தது.

அதோடு நிற்கவில்லை. 2023 நவம்பரில், இஸ்ரேல் - ஹமாஸ் போர் தொடர்பான பேச்சுக்காக சக ஜனநாயகக் கட்சி எம்.பி. ரஷிதா த்லைப் மீது வந்த கண்டனத் தீர்மானத்தை ஆதரித்த அக்கட்சியின் 22 பேரில் இவரும் இருந்தார். 2024 ஜூலையில், எல்லைப் பாதுகாப்பு விவகாரத்தில் கமலா ஹாரிஸைக் கண்டித்து வந்த தீர்மானத்தையும் ஆதரித்தார். அப்போது ஹாரிஸ்தான் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகப்போகிறார் என்பது கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது.

'பைடன் தோற்பார்' - வெளிப்படையாகச் சொன்ன எம்.பி.

2024 ஜூன் இறுதியில் நடந்த டிவி விவாதத்தில் பைடன் தடுமாறியதை உலகமே பார்த்தது. கட்சித் தலைவர்கள் மௌனம் காத்த நேரத்தில், உள்ளூர் டிவி சேனல் பேட்டியில் எம்.ஜி.பி. வெளிப்படையாகவே பேசினார். ட்ரம்பிடம் பைடன் தோற்கப் போகிறார் என்பது அவர் கருத்து. சில நாள்கள் கழித்து, பைடன் போட்டியில் இருந்து விலக வேண்டும் என்றும் கூறினார். ஜூலை 21-ம் தேதி பைடன் விலகினார். ஹாரிஸ் வேட்பாளர் ஆனபிறகும் அவருக்கு ஆதரவு அறிக்கை தராமல் விலகியே நின்றார் எம்.ஜி.பி.

தொகுதியின் ஹாட் டாபிக்: பழைய பாலம்

தேசிய அரசியலைவிட தொகுதியில் சூடாக ஓடியது ஒரு பாலம் பற்றிய விவாதம். வான்கூவரையும் போர்ட்லாந்தையும் இணைக்கும் ஐ-5 நெடுஞ்சாலைப் பாலம். இரண்டு பாலங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று 1917-ல் திறக்கப்பட்டது, இன்னொன்று 1958-ல். மரத் தூண்கள் மேல் நிற்கும் பாலம். பெரிய நிலநடுக்கம் வந்தால் தாங்காது என்று பொறியாளர்கள் எச்சரிக்கிறார்கள். இந்தப் பகுதி நிலநடுக்க ஆபத்து மண்டலத்தில் இருப்பது கூடுதல் கவலை. கப்பல் போகும்போது பாலத்தின் நடுப்பகுதி மேலே தூக்கப்படும், நெடுஞ்சாலையே நின்றுவிடும்.

புதிய பாலத்துக்கு மத்திய அரசின் நிதி 2023 டிசம்பரில் 60 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. 2024 ஜூலையில் மேலும் சுமார் 150 கோடி டாலர். எம்.ஜி.பி. இதைத் தன் உழைப்பின் பலனாகவும் மக்கள் முன் வைத்தார். கென்ட் இந்தப் பாலத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். டோல் கட்டணம் வரும், போர்ட்லாந்தில் இருந்து ரயில் வரும், அங்குள்ள பிரச்னைகளும் சேர்ந்து வரும் என்பது அவர் வாதம்.

டோல் என்றால் தினமும் ஆற்றைக் கடப்பவர்களின் பாக்கெட்டில் கை வைக்கும் விஷயம். அதனால் இரண்டு பக்கமும் ஓட்டு இருந்தது.

எரிந்த ஓட்டுப்பெட்டி

2024 ஆகஸ்ட் முதற்கட்டத் தேர்தலில் எம்.ஜி.பி. சுமார் 46 சதவீதம், கென்ட் சுமார் 39 சதவீதம். மூன்றாவதாக வந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் சுமார் 12 சதவீதம் வாங்கினார். கூட்டிப் பார்த்தால் குடியரசுக் கட்சியின் கை ஓங்கியிருந்தது. மறுபடி அதே கணக்கு, அதே பயம்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன், அக்டோபர் 28 அதிகாலை, வான்கூவரில் பஸ் நிலையம் அருகே இருந்த ஓட்டுப்பெட்டிக்குள் தீ வைக்கப்பட்டது. மக்கள் பூர்த்தி செய்த ஓட்டுச்சீட்டுகளைப் போடுவதற்காக வைக்கப்படும் பெட்டி அது. உள்ளே இருந்த நூற்றுக்கணக்கான ஓட்டுகள் கருகின. அன்றே ஆற்றுக்கு அந்தப் பக்கம் போர்ட்லாந்திலும் ஒரு பெட்டியில் தீ. அங்கே தீயணைக்கும் கருவி வேலை செய்ததால் மூன்றே ஓட்டுகளுக்குத்தான் சேதம்.

2,600 ஓட்டில் முடிவான தொகுதியில் நூற்றுக்கணக்கான ஓட்டு எரிந்தால் அது சின்ன விஷயமா? தேர்தல் அதிகாரிகள் கருகிய உறைகளில் இருந்த விவரங்களை வைத்து வாக்காளர்களை அடையாளம் கண்டு, மாற்று ஓட்டுச்சீட்டு அனுப்பினார்கள். அந்தப் பெட்டியில் ஓட்டுப் போட்டவர்கள் தங்கள் ஓட்டு வந்து சேர்ந்ததா என்று ஆன்லைனில் சரிபார்க்கும்படியும் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

ரிசல்ட் என்ன ஆச்சு?

2024 நவம்பர் 5. நாடு முழுக்க ட்ரம்ப் அலை. இந்தத் தொகுதியிலும் அதிபருக்கான ஓட்டில் ட்ரம்ப் சுமார் 3 சதவீதம் முன்னிலை. ஆனால் அதே ஓட்டுச்சீட்டில், எம்.பி. பதவிக்கு எம்.ஜி.பி.க்கு 51 சதவீதத்துக்கும் மேல். கென்ட்டுக்கு 48 சதவீதத்தை ஒட்டி. ஓட்டு வித்தியாசம் சுமார் 16,000. அதாவது 2022-ஐவிட ஆறு மடங்கு!

ஒரே சீட்டில் மேலே ட்ரம்ப்புக்கும் கீழே எம்.ஜி.பி.க்கும் டிக் அடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதுதான் இதன் அர்த்தம்.

நாடு முழுவதும் ட்ரம்ப் ஜெயித்த தொகுதிகளில் எம்.பி. ஆன ஜனநாயகக் கட்சியினர் 13 பேர் மட்டுமே. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி 220, ஜனநாயகக் கட்சி 215 என்று முடிந்தது. மூன்று இடம் இந்தப் பக்கம் வந்திருந்தால் சபையே கை மாறியிருக்கும். ஒவ்வொரு இழுபறித் தொகுதிக்கும் இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். எம்.ஜி.பி.யோடு ப்ளூ டாக் குழுவுக்குத் தலைமை வகித்த அலாஸ்காவின் பெல்டோலா அந்தத் தேர்தலில் தோற்றார். கோல்டன் மயிரிழையில் தப்பினார்.

வெற்றிக்குக் காரணம் எது?

இதில் இரண்டு கருத்துகள் உண்டு.

ஒன்று, எம்.ஜி.பி.யின் அணுகுமுறை. கட்சியைத் தூக்கிப் பிடிக்காமல் தொகுதியைப் பேசினார். 'என்னைப் போன்ற ஆள்' என்று தொழிலாளர்கள் நினைத்தார்கள். படித்தவர்களின் கட்சியாக மாறிவிட்டது என்று விமர்சிக்கப்படும் ஜனநாயகக் கட்சிக்கு இது ஒரு பாடம் என்கிறார்கள் இந்தத் தரப்பினர்.

இன்னொன்று, எதிராளியின் பலவீனம். கென்ட் இல்லாமல் மிதவாத வேட்பாளர் நின்றிருந்தால் குடியரசுக் கட்சி ஜெயித்திருக்கும் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டு முறையும் ஒரே எதிராளி என்பதால், எது உண்மையான காரணம் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இந்தக் கேள்விக்கு விடை 2026-ல்தான் தெரியும்.

சொந்தக் கட்சியில் கோபம் ஏன்?

இரண்டாவது முறை ஜெயித்த பிறகும் எம்.ஜி.பி. மாறவில்லை. 2025 ஏப்ரலில், வாக்காளராகப் பதிவு செய்யக் குடியுரிமை ஆவணம் காட்ட வேண்டும் என்ற மசோதாவை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினர் நான்கு பேர்தான். அதில் இவரும் ஒருவர். திருமணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்களுக்குச் சிக்கல் வரும், கிராமத்தினர் ஆவணம் தேடி அலைய வேண்டும் என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். தொகுதியில் நடந்த மக்கள் சந்திப்புக் கூட்டங்களில் கோபக் குரல்கள் எழுந்தன.

2025 நவம்பரில், 43 நாள் நீடித்த அரசு முடக்கத்தை முடிவுக்குக் கொண்டு வரும் மசோதாவை ஆதரித்த அக்கட்சியின் ஆறு பேரிலும் இவர் இருந்தார்.

அதே மாதம் இன்னொரு அதிரடி. இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி எம்.பி. சூயி கார்சியா ஓய்வு பெற முடிவு செய்தார். ஆனால் வேட்புமனு அவகாசம் முடியும் கடைசி நேரத்தில் விலகியதால், அவரது அலுவலகத் தலைமை அதிகாரி மட்டுமே கட்சி சார்பில் களத்தில் இருக்கும் நிலை உருவானது. 'வாக்காளர்களுக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பையே பறித்துவிட்டார்' என்று சொந்தக் கட்சி எம்.பி. மீதே கண்டனத் தீர்மானம் கொண்டு வந்தார் எம்.ஜி.பி. தீர்மானம் 236-183 என்று நிறைவேறியது. கட்சித் தலைமை கடும் அதிருப்தி அடைந்தது.

ஆதரவாளர்கள் இதை நேர்மை என்கிறார்கள். விமர்சகர்களோ, 'நாங்கள் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டு ஜெயிக்க வைத்தோம், அவர் எதிர்க்கட்சியோடு போய் ஓட்டுப் போடுகிறார்' என்கிறார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கட்சித் தொண்டர் இல்லாமல் பிரசாரம் நடக்காது. கட்சிக்கு வெளியே ஓட்டு வாங்காமல் இந்தத் தொகுதியில் வெற்றி கிடைக்காது.

அடுத்து என்ன?

பழைய எதிராளி கென்ட்டை, தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையத்தின் இயக்குநர் பதவிக்கு ட்ரம்ப் தேர்ந்தெடுத்தார். 2025 ஜூலையில் செனட் ஒப்புதல் கொடுத்தது. அவருக்குப் பதிலாகக் களத்தில் இறங்கியிருப்பவர் ஜான் பிரவுன். வாஷிங்டன் மாநில செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவர். கென்ட் அளவுக்குச் சர்ச்சைகள் இல்லாதவர், அனுபவசாலி. அதனால் எம்.ஜி.பி.க்கு இதுதான் உண்மையான பரீட்சை என்கிறார்கள். இடதுபுறம் சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு வேட்பாளர், வலதுபுறம் பலமான போட்டியாளர்.

இன்னொரு பக்கம், ப்ளூ டாக் கூட்டாளி கோல்டன் 2026-ல் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். 2023-ல் சேர்ந்து தலைமை ஏற்ற மூவரில் மறுபடி பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் தன் இடத்தைக் காக்க நிற்பவர் எம்.ஜி.பி. மட்டும்தான்.

முதற்கட்டத் தேர்தல் 2026 ஆகஸ்ட் 4. இறுதித் தேர்தல் நவம்பர் 3. பொதுவாக அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வரும் இந்தத் தேர்தலில், அதிபரின் கட்சி இடங்களை இழப்பதே வழக்கம். அது எம்.ஜி.பி.க்குச் சாதகம். ஆனால் தொகுதி இன்னமும் ட்ரம்ப் பக்கம் சாய்ந்த தொகுதி. தபால் ஓட்டு எண்ணிக்கை என்பதால், இந்த முறையும் நெருக்கமான போட்டியாக இருந்தால் முடிவு தெரியச் சில நாள்கள் காத்திருக்க வேண்டியிருக்கும்.